லென்ஸ் சொன்ன தூரம்

நவம்பர் ஆறாம் தேதி, புதன்கிழமை. விடிந்து இரண்டு மணி நேரமாகியும் மூடுபனி விலகவில்லை. தெருவிளக்குகள் பஞ்சுக்குள் பொதித்து வைத்த எலுமிச்சம்பழங்களைப் போல எரிந்துகொண்டிருந்தன. பேருந்துகள் ஒலியெழுப்பிக்கொண்டே ஊர்ந்தன. எதிரே வருபவர் இன்னார் என்று தெரிந்துகொள்ள மூன்றடி வரை நெருங்க வேண்டியிருந்தது. தெரிந்துகொண்ட பிறகு, ஏதோ குறும்பு செய்து பிடிபட்டவர்களைப் போல இருவரும் சிரித்துக்கொண்டார்கள். அன்று ஒரு நாள் மட்டும் ஊர் முழுவதும் அவளைப் போலவே பார்த்தது.

அந்த நினைப்பே அவளுக்கு ஓய்வாக இருந்தது. நடைபாதையின் விளிம்பில் கால் இடறியபோது, கடந்த பதினான்கு மாதங்களில் முதன்முறையாக அவள் காரணம் தேடவில்லை. "பனிம்மா, பனி. பாத்துப் போங்க" என்று காய்கறி வண்டிக்காரரே அவளுக்காகச் சொல்லிவிட்டார். சாம்பலும் வெள்ளையும் கலந்த அந்த மென்மைக்குள், யாரிடமும் எதையும் மறைக்க வேண்டிய தேவையின்றி, அவள் மிதப்பவளைப் போல நடந்தாள்.

அவளுக்கு நாற்பத்தொன்பது வயது. தையற்கடைக்கு மேலே, முதல் மாடியில், அவளுடைய ஸ்டூடியோ இருந்தது. பதினெட்டுப் படிகள், ஒன்பதாவதில் ஒரு திருப்பம். பாஸ்போர்ட் அளவுப் படம், முதல் பல் முளைத்த குழந்தையின் படம், வேலைக்கு மனுப் போடுபவர்களின் படம், குடும்பப் படம் ஆகிய எல்லாம் அங்கேதான் எடுக்கப்பட்டன. ஊரில் பாதிப் பேருடைய முகம் அவளுடைய கை வழியாகத்தான் அலுவலகங்களுக்குப் போயிருக்கிறது. வெளியில் எல்லாரும் அவளை "ஸ்டூடியோ அக்கா" என்றார்கள். உள்ளே, கணினியின் முன் அமர்ந்திருந்த ஒருத்தி மட்டும் "அண்ணி" என்றாள்.

அந்த ஒருத்தி அவளுடைய நாத்தனார். கணவரின் ஒரே தங்கை. ஒன்பது ஆண்டுகளுக்கு முன், மணவாழ்க்கை முறிந்து, ஒற்றைப் பெட்டியோடு அண்ணன் வீட்டுக்கு வந்தவள். வந்த மூன்று நாளும் சுவரைப் பார்த்துப் படுத்தபடியே கிடந்தாள். புகுந்த வீட்டார் அவளை என்னென்னவோ சொல்லியிருந்தார்கள், அவற்றில் ஒன்று மட்டும் முள்ளாகத் தைத்து நின்றுவிட்டது: "இவ தொட்டது துலங்காது." நான்காம் நாள் காலையில் அண்ணி அவளை எழுப்பி உட்கார்த்தினாள்.

"இந்த வீட்டுல படுத்து அழ இடம் பத்தாது. ஸ்டூடியோவுக்கு வா. அங்க நாற்காலி இருக்கு, உக்காந்து அழு. அழுதுகிட்டே ஒரு பையனோட படத்துல இருக்கற பருவ அழிச்சுக் குடு. நாளைக்கு அவனுக்கு இன்டர்வியூ."

நாத்தனார் அழுதுகொண்டே பருக்களை அழித்தாள். மூக்கின் மேலிருந்த கடைசிப் பருவும் மறைந்தபோது மாலை ஐந்து மணி ஆகியிருந்தது. அழுகை எப்போது நின்றது என்று அவளுக்கே தெரியவில்லை. அந்தப் பையனுக்கு வேலை கிடைத்தது. அன்று முதல் அவள் அந்த நாற்காலியை விட்டு எழவில்லை. அழுகை போன இடத்தில் நாக்கு முளைத்தது. அண்ணியைக் கேலி செய்யாத நாள் அவளுக்குச் செரிக்காத நாள் ஆயிற்று.

அண்ணியின் கணவர் நீர் சுத்திகரிப்பு நிலையத்தில் ஷிப்டு வேலை பார்ப்பவர். குழாயில் தண்ணீர் வரும் வரை உலகத்தில் எந்தக் குறையும் இல்லை என்று நம்புபவர். ஆகவே அந்த வீட்டில் தாங்குபவள் என்றால் அவள்தான். தாங்கிப் பழகியவளுக்குச் சாய்ந்துகொள்ளத் தெரியாது. கண் விஷயத்தில் நடந்ததெல்லாம் அதனால்தான் நடந்தது.

பதினான்கு மாதங்களுக்கு முன், ஒரு காலையில், ஊசியில் நூல் கோக்கும்போது ஊசியின் காது காணாமற்போயிற்று. கண்ணைக் கசக்கினாள். ஊசி முழுவதும் இருந்தது. அவள் நேராகப் பார்க்கும் இடத்தில் மட்டும் சாம்பல் நிறப் பொட்டு ஒன்று நின்றது. பார்வையை எங்கே திருப்பினாலும் அதுவும் கூடவே வந்தது. நாளடைவில் பொட்டு காசளவாகி, காசு உள்ளங்கையளவாயிற்று. ஓரங்கள் தெளிவாகவே இருந்தன. நடுவில் மட்டும் யாரோ ஈர விரலால் தேய்த்துவிட்டதைப் போலிருந்தது. முகத்தைப் பார்த்தால் முகம் கரையும். காதைப் பார்த்தால் முகத்தின் நிழல் சற்றே திரும்பி வரும். எனவே அவள் மனிதர்களின் காதைப் பார்த்துப் பேசப் பழகினாள்.

"அண்ணி ஓரக்கண்ணால பாத்தாதான் படம் நல்லா வருமாம். புது ஸ்டைலு" என்று நாத்தனார் வாடிக்கையாளர்களிடம் சொல்லிச் சிரிப்பாள். அண்ணியும் சேர்ந்து சிரிப்பாள்.

மருத்துவரிடம் போயிருக்கலாம். போனால் ஏதேனும் ஒரு சொல் சொல்வார். சொல்லிவிட்டால் அது உண்மையாகிவிடும். உண்மையானால் கேமராவைக் கீழே வைக்க வேண்டிவரும். கேமராவை வைத்துவிட்ட பிறகு தான் யார் என்ற கேள்விக்கு அவளிடம் விடை இல்லை. மனைவி, அண்ணி என்ற இரண்டு சொற்கள் மிஞ்சும். இரண்டும் நல்ல சொற்கள்தாம். ஆனால் பதினெட்டுப் படி ஏறி யாரும் அவற்றைத் தேடி வரமாட்டார்கள்.

இவ்வளவுக்கும் பிறகு அவள் எப்படிப் படம் எடுத்தாள் என்றால், காதால் எடுத்தாள்.

அவளிடம் எண்பத்தைந்து மில்லிமீட்டர் லென்ஸ் ஒன்று இருந்தது. இருபத்து மூன்று ஆண்டுகளுக்கு முன், தொழிலை விட்டுப் போன ஒருவரிடமிருந்து வாங்கியது. முகங்களுக்கென்றே பிறந்த லென்ஸ். அது, தெளிவைத் தானே சரிசெய்துகொள்ளும் ஆட்டோஃபோகஸ் வந்த புதிதில் செய்யப்பட்ட வகை. அதற்குள் மோட்டார் கிடையாது. பின்புறத்தில் சிறிய திருகுக் காடி ஒன்று உண்டு. கேமராவின் வாயிலிருந்து நீளும் ஆணிமுனை அந்தக் காடியில் பொருந்தி, கேமராவுக்குள் இருக்கும் மோட்டாரின் சுழற்சியை லென்ஸுக்குக் கடத்தும். லென்ஸின் கண்ணாடிகள் முன்னும் பின்னும் நகரும்போது "கிர்ர்" என்று ஒலி கேட்கும். தெளிவு கிடைத்ததும் "திக்" என்று நிற்கும். பல ஆண்டுகள் அது அவளுக்கு வெறும் சத்தமாகவே இருந்தது. கண் மங்கத் தொடங்கிய பிறகுதான் அது பேச்சு என்று விளங்கியது. தொலைவில் இருக்கும் பொருளுக்கு லென்ஸ் குறுகப் பேசியது; நெருக்கத்தில் இருப்பதற்கு நீளப் பேசியது.

சென்ற ஆண்டு பழைய கேமராவின் ஷட்டர் உயிரை விட்டது. நாத்தனார் புதிய மிரர்லெஸ் கேமரா ஒன்றையும் அதற்கேற்ற புதிய லென்ஸையும் தருவித்தாள். எதிரில் இருப்பவரின் கண்ணைத் தானே கண்டுபிடித்து, அதன்மேல் சிறு பச்சைக் கட்டத்தை ஒட்டிக்கொண்டு தொடரும் கேமரா அது. புதிய லென்ஸ் இம்மியும் ஓசை எழுப்பவில்லை. கிணற்றில் கல்லைப் போட்டுவிட்டு, அது விழும் சத்தத்துக்காகக் காத்திருந்து ஏமாந்தவளைப் போல அவள் நின்றாள். பச்சைக் கட்டம் கண்ணின் மேல் இருக்கிறதா, காதோரத்து முடியின் மேல் இருக்கிறதா என்று அவளுக்குத் தெரியாது. சொல்வதற்கு லென்ஸுக்கும் வாய் இல்லை.

"இந்த லென்ஸுல உயிரே இல்ல" என்றாள்.

"உயிர் இல்லையா? நான் வேணா மூச்சுப் பயிற்சி சொல்லிக் குடுக்கவா?"

"கேலி பண்ணாத. எனக்கு என் லென்ஸுதான் வேணும்."

"பழைய புருஷனே தேவலன்னு சொல்ற ஒரே ஆளு இந்த வீட்டுல நீங்கதான், அண்ணி" என்றாள் நாத்தனார். சொல்லிவிட்டு, எங்கெங்கோ தேடி, ஒரு அடாப்டரை வரவழைத்துக் கொடுத்தாள்.

அடாப்டர் என்பது உள்ளங்கையில் அடங்கும் கறுப்பு வளையம். ஒரு முகம் புதிய கேமராவைப் பற்றும். மறுமுகம் பழைய லென்ஸைப் பற்றும். புதிய கேமராவில் மோட்டாரும் இல்லை, ஆணிமுனையும் இல்லை. எனவே அந்த வளையத்துக்குள்ளேயே மோட்டாரை வைத்திருந்தார்கள். கேமரா சொல்வதைக் கேட்டுப் புரிந்துகொண்டு, லென்ஸின் காடியைத் திருகுவது அதன் வேலை. இரண்டு தலைமுறைகளுக்கு இடையில் அமர்ந்து, இந்தப் பக்கத்துப் பேச்சை அந்தப் பக்கத்துக்கு மாற்றிச் சொல்லும் மொழிபெயர்ப்பாளனைப் போன்றது. முதல் நாள், அடாப்டரைப் பூட்டிப் பொத்தானைப் பாதி அழுத்தியபோது "கிர்ர்... திக்" என்று கேட்டது. குரல் சற்று மெலிந்திருந்தது, வேகம் கூடியிருந்தது. ஆனால் அதே ஆள்தான்.

புதிய குரலை அவள் இரண்டு வாரங்களில் மனப்பாடம் செய்தாள். நாத்தனார் சாப்பிடப் போகும் வேளைகளில் நாற்காலியை ஓரடி, ஓரடியாக நகர்த்தி வைத்து, ஒவ்வொரு தூரத்துக்கும் எத்தனை நீளம் என்று காதில் எழுதிக்கொண்டாள். கேமராவை ஒருமுறை அணைத்து மறுபடி போட்டால் அடாப்டர் லென்ஸைத் தொலைதூர முனைக்கு ஓட்டி நிறுத்தும். அங்கிருந்துதான் கணக்குத் தொடங்கும். எனவே ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் முன்னால் ஒருமுறை அணைத்துப் போடுவாள். "அண்ணி சகுனம் பாக்குறாங்க" என்பாள் நாத்தனார். லென்ஸைப் பூட்டும்போது சிவப்புப் புள்ளிகள் ஒன்றோடொன்று நேராக நிற்க வேண்டும். அவள் அவற்றின்மேல் நகப்பூச்சைத் துளித்துளியாக வைத்துக் காயவிட்டு மேடாக்கினாள், விரல் அறிவதற்காக. வாரம் ஒருமுறை, அடாப்டரின் பொன்னிறத் தொடுமுனைகளை மெல்லிய துணியால் துடைத்தாள். தரையில், நாற்காலியிலிருந்து ஏழாவது அடியில், வண்ணநாடாவின் கீழே ஒரு கயிற்றை வைத்து ஒட்டினாள். கால் அதை மிதித்தால் நாற்காலி எவ்வளவு தூரம் என்று தெரியும். ஏழடிக்கு லென்ஸ் சொல்லும் சொல் எது என்பது தன் பெயரைப் போல அவளுக்குத் தெரிந்திருந்தது.

மதிய உணவுக்குப் பின் திரைக்கு அப்பால் கிடக்கும் சாய்விருக்கையில் அவள் சிறிது கண்ணயர்வதுண்டு. அரைத்தூக்கத்தில் உலகம் முழுவதும் லென்ஸின் குரலில் விலகியும் நெருங்கியும் போகும். சன்னல் ஒரு குறுகிய "கிர்". படிக்கட்டில் ஏறி வரும் காலடி, கொஞ்சம் கொஞ்சமாக நீளும் ஒலி. கணவர் வந்து கன்னத்தருகே குனிந்தால், முடிவே இல்லாத நீண்ட சுழற்சி. அவர் அவ்வளவு நெருக்கம், லென்ஸுக்கு எட்டாத நெருக்கம். அந்தக் கனவுகளில் முகங்களே வந்ததில்லை. தூரங்கள் மட்டும் வந்தன. அவை ஒவ்வொன்றும் அன்பாக இருந்தன.

இனி, அந்தப் புதன்கிழமைக்கு முந்தைய மாலையில் நடந்ததைச் சொல்ல வேண்டும். சில நாள்களுக்கு முன், படமெடுக்க வந்த குழந்தை ஒன்று லென்ஸின் ஓசைக்கு மிரண்டு அழுதிருந்தது. அதை நினைவில் வைத்திருந்த நாத்தனார், அடாப்டரைக் கணினியோடு இணைத்து, அதைச் செய்தவர்கள் புதிதாக வெளியிட்டிருந்த அப்டேட்டை ஏற்றினாள். இனி மோட்டார் வேகமாகப் பாய்ந்து, இலக்கைத் தாண்டிவிட்டுத் திரும்பி வராது; நிதானமாகப் போய்ச் சேரும் என்று அதில் எழுதியிருந்தது. ஏற்றி முடித்து அடாப்டரை இருந்த இடத்தில் வைத்தாள். சாணை பிடித்த கத்தரிக்கோலைத் திரும்ப வைப்பவர் யாரும் அதை அறிவிப்பதில்லை, அவளும் அறிவிக்கவில்லை.

பனி வெளிறத் தொடங்கிய பத்து மணிக்கு, இரட்டைச் சகோதரிகள் இருவர் படியேறி வந்தார்கள். எழுபத்தொரு வயது. இருவரும் ஒரே நீல நிறக் கம்பளிச் சட்டை அணிந்திருந்தார்கள். பதினோரு நிமிடம் மூத்தவர் கைத்தடி வைத்திருந்தார். இளையவர் மூத்தவரின் முழங்கையைப் பிடித்திருந்தார். இளையவர் அன்று மாலையே மகனோடு கடல் கடந்து போகிறார்; இனி அங்கேதான் இருப்பார். இருவரும் சேர்ந்து ஒரு படம் வேண்டும், மூன்று மணிக்குள் கையில் வேண்டும். இவ்வளவையும் மூத்தவரே சொன்னார். இளையவர் வாய் திறந்தபோதெல்லாம் மூத்தவர் அந்த வாக்கியத்தை முடித்துவைத்தார்.

"ஏண்டி, நெளியாம உக்காரு."

"நீ இடிக்கிற, நான் நெளியறேன்."

"பெரியவ சொன்னா கேக்கணும்."

"பதினோரு நிமிஷம் முன்னாடி பொறந்ததுக்கு எழுபத்தோரு வருஷமா அதிகாரம் பண்றா, பாரும்மா!"

"உனக்கு வழி காட்டத்தாண்டி முன்னாடி வந்தேன்."

"எங்க வழி காட்டின? வாசல மறிச்சுக்கிட்டு நின்ன!"

கணினியருகே நாத்தனார் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். கேமராவின் பின்னால் நின்றவளும் சிரித்தாள். அவளுக்கு அந்த இருவரும் இரண்டு நீல மேகங்களாகத் தெரிந்தார்கள். மேகங்களின் மேல் வெண்மை, அது தலைமுடி. நடுவில் முகங்கள் இருக்க வேண்டிய இடத்தில் பனி. கால்விரலால் கயிற்றை உணர்ந்தாள். கேமராவை அணைத்துப் போட்டாள். பொத்தானைப் பாதி அழுத்தினாள்.

"கிர்ர்ர்ர்ர்ர்... திக்."

நீளம் மிகுந்திருந்தது. ஏழடிக்கு அது சொல்லும் சொல் அதுவன்று, நாலடிக்கான சொல். திடுக்கிட்ட விரல் பொத்தானை முழுவதும் அழுத்திவிட, அவள் எண்ணாமலேயே ஒரு படம் பதிவாயிற்று.

நாலடியில் என்ன இருக்கிறது? மூத்தவர் முன்னால் ஊன்றியிருந்த கைத்தடியாக இருக்கும் என்று ஊகித்தாள். "அம்மா, அந்தத் தடிய மட்டும் கீழ வெச்சிருங்க." தடி கீழே போயிற்று. மறுபடி அணைத்து, போட்டு, அழுத்தினாள். மறுபடியும் நாலடி. இன்னொரு முறை. அதே சொல். இருபத்து மூன்று ஆண்டுகளாகப் பொய் சொல்லாதவன் இன்று கூசாமல் பொய் சொல்கிறானே என்று அவள் திகைத்தாள்.

பின்புறத்தில் நாத்தனார் இருந்தாள். "இங்க வந்து இத கொஞ்சம் பாரேன்" என்று ஐந்து சொல் சொன்னால் போதும். ஆனால் வந்து பார்ப்பவள், நீங்கள் ஏன் பார்க்கவில்லை என்றுதான் முதலில் கேட்பாள். அந்த ஐந்து சொற்களை அவள் விழுங்கினாள். பொத்தான் ஒன்றை அழுத்தி ஆட்டோஃபோகஸை விலக்கினாள். லென்ஸின் வளையத்தைப் பற்றி, நாலடியிலிருந்து ஏழடிக்கு எவ்வளவு என்று விரல் அறிந்த கணக்கின்படி, தொலைவுப் பக்கமாக ஒரு நகக்கண் அளவு திருப்பினாள். பின்னர் நாற்பது படங்கள் எடுத்தாள். ஒவ்வொரு பத்துக்கும் ஒருமுறை கேமராவின் திரையைக் குனிந்து பார்த்து, நிறைவடைந்தவளைப் போலத் தலையசைத்தாள்.

சகோதரிகள் போன பிறகு பனி முற்றிலும் விலகிவிட்டது. சன்னல் வழியே வெயில் தரையில் நீளமாகப் படுத்திருந்தது. அவள் லென்ஸின் மூடியைப் போட்டுக்கொண்டிருந்தபோது, கணினியருகே சுட்டியின் சொடுக்கொலி கேட்டது, சிறிது நின்றது, மறுபடி வேகமாகக் கேட்டது. பிறகு நின்றேவிட்டது. வழக்கமாக அந்த இடத்தில் ஏதேனும் ஒரு கேலி வரும். அன்று வரவில்லை.

"அண்ணி." குரல் கிணற்றின் ஆழத்திலிருந்து வருவதைப் போலிருந்தது. "எல்லாம் போச்சு அண்ணி."

"என்ன போச்சு?"

"ஒரு படத்துல கூட மூஞ்சி தெளிவா இல்ல. பின்னாடி துணியோட நெசவு இழை இழையா தெரியுது. ரெண்டு அம்மாவும் கரைஞ்சு போயிருக்காங்க. நான்தான் அண்ணி... நேத்து சாயந்தரம் அடாப்டருக்கு அப்டேட் போட்டேன். நிதானமா ஓடும்னு போட்டிருந்தான். நல்லதுன்னு நெனச்சுதான்..."

நிதானமாக ஓடும். ஒரு கணத்தில் அண்ணிக்கு எல்லாம் விளங்கிவிட்டது. லென்ஸ் பொய் சொல்லவில்லை. அதே ஏழடியை மெதுவாகச் சொல்லியிருக்கிறது. மெதுவான பேச்சை அவள்தான் நீளமான பேச்சென்று எண்ணி, சரியாக நின்றதைக் கையால் கெடுத்திருக்கிறாள்.

"அந்த அம்மா இன்னைக்கு ஊருக்குப் போறாங்க அண்ணி. திரும்ப எப்ப ரெண்டு பேரும்... என் புருஷன் வீட்டுல சொன்னது சரிதான் போல. நான் தொட்டது துலங்காது."

ஒன்பது ஆண்டுகளாக அந்த வாக்கியம் இந்த அறையில் கேட்டதில்லை. அண்ணி, குரல் வந்த திசையை நோக்கினாள். நாற்காலியில் குறுகிய உருவம் ஒன்று தெரிந்தது. சுவரைப் பார்த்துப் படுத்திருந்த முதுகை அவள் அதில் கண்டாள். வாயைத் திறக்காமல் இருந்தால் போதும். பழி அப்டேட்டின் மேல் விழும். அப்டேட் போட்டவளின் மேல் விழும். நாளைக்கு அந்தப் புதிய வேகத்தைக் காது படித்துக்கொள்ளும்; பதினெட்டுப் படிகளும் கேமராவும் இன்னும் சில காலம் அவளோடு இருக்கும். அது எவ்வளவு எளிது என்று கண்டபோது அவளுக்கு அச்சமாக இருந்தது. எதிரே நாத்தனார் மூக்கை உறிஞ்சினாள்.

"ஏய், கழுதை. அழாத. முதல் படத்த தொறந்து பாத்தியா?"

"அது கைதவறி எடுத்ததுன்னு விட்டுட்டேன். ரெண்டு பேரும் கேமராவயே பாக்கல."

"தொற."

சொடுக்கொலி கேட்டது.

"கண்ணிமை தெரியுதா?"

"தெரியுது." நாத்தனாரின் குரலில் வியப்பு ஏறியது. "ஒவ்வொண்ணா எண்ணலாம் அண்ணி. பெரியம்மா சின்னம்மாவோட காலர நிமித்தி விடறாங்க. சின்னம்மா திட்டிக்கிட்டே சிரிக்கிறாங்க."

"அப்ப உன் அப்டேட் நல்லாதான் வேலை செஞ்சிருக்கு. அந்த ஒரு படம் கேமரா எடுத்தது. மத்த நாப்பதும் நான் எடுத்தது. ஆட்டோஃபோகஸ விலக்கிட்டு நான்தான் வளையத்த திருப்பினேன்."

"ஏன்? அது சரியாதான நின்னிருக்கு?"

"சத்தம் நீளமா இருந்துச்சு."

"சத்தமா? சத்தத்துக்கும் இதுக்கும் என்ன..."

அப்போது கீழே படியில் கைத்தடியின் ஓசை கேட்டது. நாத்தனார் கண்ணைத் துடைத்துக்கொண்டு அச்சு இயந்திரத்தை இயக்கினாள்.

மூன்று மணிக்கு வர வேண்டியவர்கள், மகன் அவசரப்படுத்துகிறான் என்று ஒன்றரை மணிக்கே வந்துவிட்டார்கள். படம் சூடாக அவர்கள் கைக்குப் போனது. மூத்தவர் அதைக் கையை நீட்டித் தள்ளிப் பிடித்துப் பார்த்தார்.

"என்னம்மா இது? ரெண்டு பேரும் நேராவே பாக்கலையே. அம்புட்டுப் படம் எடுத்தியே, இதுதான் கெடைச்சதா?"

"இதுதான் நல்லா வந்துச்சும்மா. மத்ததெல்லாம் என் தப்புல வீணாயிருச்சு" என்றாள் அவள். அதைச் சொல்வது அவள் எண்ணியிருந்த அளவு கடினமாக இல்லை.

இளையவர் படத்தை வாங்கிக்கொண்டார். "இருக்கட்டும்டி. நேரா பாத்தா நம்ம ரெண்டு பேருல யாரு யாருன்னு தெரியாது. இதுல தெரியுது பாரு. அதிகாரம் பண்றவ நீ." அவர் படத்தைத் தன் பைக்குள் வைத்துக்கொண்டார். மூத்தவர் வாயைத் திறந்து, என்ன நினைத்தாரோ, இந்த முறை வாக்கியத்தை முடிக்கவில்லை. அதே படத்தில் இன்னொன்றைத் தனக்குக் கேட்டு வாங்கிக்கொண்டு, தங்கையின் முழங்கையைத் தானே பிடித்து இறங்கினார். பதினெட்டுப் படிகளிலும் யாரோ யாரையோ கடிந்துகொள்ளும் ஒலி மெல்லக் குறுகிக் குறுகி, தெருவோசையில் கலந்தது.

நாத்தனார் கதவைச் சாத்தினாள். வெளியே தொங்கும் பலகையைத் திருப்பிவிட்டாள். சன்னலின் திரையை முழுவதும் விலக்கினாள். அறைக்குள் வெளிச்சம் தண்ணீரைப் போல நிறைந்தது. அதற்குள் நாத்தனார் நடந்து வருவது தெரிந்தது. பத்தடி, ஏழடி, நாலடி, இரண்டடி. அந்தத் தூரத்துக்கு லென்ஸிடம் சொல் இல்லை.

"சத்தத்த வெச்சுதான் இத்தன நாளா எடுத்தீங்களா?"

"ஆமா."

"அண்ணனுக்குத் தெரியுமா?"

"உங்க அண்ணனுக்குத் தண்ணி கலங்கினா மட்டுந்தான் தெரியும்."

நாத்தனார் சிரிக்கவில்லை. இரண்டு கைகளாலும் அண்ணியின் முகவாயைப் பற்றித் தன்னை நேராகப் பார்க்கும்படி நிமிர்த்தினாள்.

"பக்கவாட்டுல பாக்காதீங்க. நேரா பாருங்க. என் மூஞ்சி தெரியுதா அண்ணி?"

"கம்மல் தெரியுது. மூஞ்சி தெரியல."